கண்ணாடி, பித்தளை, எஃகு

பட்டறையில் அவருக்குப் பெயர் மோதிரக்காரர். ஆனால் அவர் மோதிரம் போட்டு யாரும் பார்த்ததில்லை. இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சின்னக் குழாயை மாட்டிக்கொண்டு, அதைக் கிட்டார் கம்பிகளின் மேல் வழுக்கி வழுக்கி வாசிப்பார். அந்தக் குழாய்க்கு ஸ்லைடு என்று பெயர். இருபத்தாறு வருஷமாக லேத் மிஷினில் இரும்பைக் கடைகிற மனிதர் அதைப் போய்க் கடையில் வாங்குவாரா என்ன? சாப்பாட்டு இடைவேளையில் தானே கடைந்துகொள்வார்.

கல்யாணமான புதிதில் அவர் விரலில் இருந்தது கண்ணாடி. ஒரு மருந்து பாட்டிலின் கழுத்தை அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் செய்தது. சில வருஷம் போனதும் கண்ணாடியின் ஒலி மந்தமாகிவிட்டது என்று பித்தளைக்கு மாறினார். பிறகு பித்தளையும் மந்தமாகிவிட்டது. இப்போது எஃகு. ஒவ்வொரு முறையும் குற்றம் குழாயின் மேல்தான். தன் மேல் குற்றம் வரும்படி யோசித்துப் பழக்கமில்லாதவர். காதுக்கு மாட்டிக்கொள்ளப் பட்டறையில் கொடுத்த மூடிகூட ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதை மாட்டினால் மிஷின் பேசுவது கேட்காதாம்.

வீட்டில் அவர் கிட்டாரை எடுத்தால், தையல் வேலை செய்யும் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தைப்பாள். தையல் மிஷின் சத்தம் தன் வாசிப்பைக் கெடுத்துவிடக் கூடாதென்று அவளுக்கு அவ்வளவு அக்கறை என்று அவர் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மனைவியின் தம்பி ஒரு சின்ன இசைக்குழு நடத்துகிறான். முதல் முறையாகச் சொந்தப் பாட்டுகளைப் பதிவு செய்ய நாள் குறித்திருந்தான். அதில் ஒரு பாட்டின் நடுவே பாடகி நிறுத்திவிடுவாள், கிட்டார் மட்டும் பேசும். ஒரு நிமிஷம்கூட இருக்காது. இத்தனை வருஷ வாசிப்பில் அழியாமல் நிற்கப்போவது அந்த ஒரு நிமிஷம்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று காலையில் மூன்று ஸ்லைடையும் கட்டிலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வாசித்துப் பார்த்தார். எஃகுக்கு வந்தபோது மனைவி தையலை விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"பல்லு கூசுதுங்க. அந்தக் கண்ணாடியே நல்லா இருந்துச்சு."

துணியைப் பற்றி உனக்குத் தெரியும், இதைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் வெடுக்கென்று கேட்டார். அவர் சட்டை மாற்றப் போனபோது அவள் மற்ற இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பதிவுக்கூடம் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. வாசிப்பவர் ஓர் அறையில், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மனைவியும் மற்றவர்களும். பதிவு செய்கிற பெண் கை காட்டினாள். அவர் வாசித்தார், பாதியிலேயே அவள் நிறுத்தினாள்.

"சார், கம்பியில சரசரன்னு ஒரு சத்தம் வருது. உங்களுக்குக் கேக்குதுல்ல?"

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கேக்குது, கேக்குது. சரி பண்ணிடறேன்" என்றார்.

எதைச் சரி செய்வது? ஸ்லைடைத் துடைத்தார். கம்பிகளைத் துடைத்தார். அழுத்தத்தைக் குறைத்து மறுபடி வாசித்தார். இந்தத் தடவை அவள் இன்னும் சீக்கிரமாக நிறுத்தி, அதையே எல்லோருக்கும் கேட்கும்படி ஓடவிட்டாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தன் கிட்டார்தான், சுத்தமாக, கணீரென்று. ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாடகி தோளைக் குறுக்கிக்கொண்டாள். மைத்துனன் முகத்தைச் சுளித்தான்.

குக்கர் விசில் அடிக்கவே இல்லை என்று மனைவியோடு சண்டை போட்டது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஃபோன் பழுது என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கொண்டுபோனது நினைவுக்கு வந்தது. கண்ணாடி மந்தமானது, பித்தளை மந்தமானது. மந்தமானது எது என்று இப்போது யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மைத்துனன் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "மாமா, கூடத்த இன்னும் முக்கால் மணி நேரத்துல விட்டாகணும். இத கீபோர்டுல வாசிச்சிடலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

அவன் பின்னால் கீபோர்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். மெட்டு அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

விரல் பிடித்துக்கொண்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானத்தோடு இறங்கிப் போய்விடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் ஜன்னல் வழியே மனைவியைப் பார்த்தார். அவள் கைக்குட்டை முடிச்சு எட்டிப் பார்க்கும் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எனக்குக் கேக்கல" என்றார். மைக் திறந்திருந்ததால் அது எல்லோர் காதிலும் விழுந்தது. "அந்தச் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல. அப்பவே கேக்கலன்னு சொல்லியிருக்கணும்." பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நீ உள்ள வா. எதை மாட்டணும்னு நீ சொல்லு."

அவள் வந்து கைக்குட்டையை அவிழ்த்தாள். பித்தளையை ஒதுக்கினாள். அவர் விரலிலிருந்து எஃகைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். இத்தனை வருஷத்தில் விரல் தடித்திருந்தது. திருகித் திருகித்தான் உள்ளே போனது.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் வாசிக்கத் தொடங்கினார். அடுத்த வீட்டில் யாரோ வாசிப்பதுபோல அவருக்கு மங்கலாகக் கேட்டது. இன்னும் அழுத்து, அழுத்து என்று கை பரபரத்தது. அவர் அழுத்தவில்லை. காதை நம்பாமல் ஒரு காரியத்தைச் செய்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஸ்லைடு கிட்டார் கழுத்தில் எந்தக் கோட்டுக்கு நேராக நிற்கிறது என்பதை மட்டும் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தினார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க முடியவில்லை. மூலையில் நின்ற மனைவியை ஒரு முறை பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். நன்றாக இருக்கிறதா, பொறுத்துக்கொள்கிறாளா என்று தெரியவில்லை.

கடைசி ஸ்வரம் தேய்ந்தது. விளக்கு அணைந்தது.

"இதுதான் சார்" என்றாள் பதிவுக்காரப் பெண். கீபோர்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவியிடம் திரும்பினார். "எப்படி இருந்துச்சு?"

"கல்யாணமான புதுசுல வாசிப்பீங்களே, அப்படியே இருந்துச்சு."

"அதுக்கப்புறம்?"

அவள் பித்தளையையும் எஃகையும் கைக்குட்டையில் முடிந்தாள். "அதுக்கப்புறம்தான் நான் கதவச் சாத்திக்கிட்டுத் தைக்க ஆரம்பிச்சேன்" என்றாள்.

அவர் கண்ணாடியை விரலிலிருந்து கழற்றப் பார்த்தார். வரவில்லை. அதோடேயே அவள் பின்னால் படியிறங்கினார்.