வேன் ஓட்டும் அக்காவின் கிட்டார்

என் அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் ஒரு வானரப் படையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலையில் அதே படையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். வேனுக்குள் அடிதடி, அழுகை, வாந்தி எது நடந்தாலும் அவள் கண் சாலையை விட்டு நகராது. அப்படிப்பட்டவளுக்கு எங்கள் குடும்பத்தில் இருந்த பட்டப்பெயர் 'பாதி'.

வைத்தவன் எங்கள் அண்ணன். அக்கா நீச்சல் கற்கப் போனாள், காதில் தண்ணீர் புகுந்ததும் நின்றாள். தையல் மெஷின் வாங்கி, ஒரு திரைச்சீலையைப் பாதி தைத்து மூடி வைத்தாள். கேக் வகுப்புக்குப் போய் முட்டை அடிக்கும் கட்டத்திலேயே திரும்பி வந்தாள். எல்லாம் உண்மைதான். அதற்காக ஒரு மனுஷிக்கு ஆயுள் முழுக்க அந்தப் பெயரா? அண்ணன் தன் வாழ்நாளில் புதிதாக எதையும் தொடங்கியதே கிடையாது. தொடங்கினால்தானே பாதியில் விடுவதற்கு!

அக்காவின் மகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது தன் கிட்டாரை அலமாரி மேல் போட்டுவிட்டுப் போனான். அக்கா அதை இறக்கித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். செய்தி கேட்டு அண்ணன் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாதி கிட்டார் கத்துக்கப் போறாளாம்! சரி, என் பிறந்தநாளைக்கு ஒரு பாட்டு முழுசா வாசி, பாப்போம். வாசிச்சிட்டா அந்தப் பேரையே விட்டுடறேன்."

அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். போனை வைத்த பிறகு என்னிடம், "எனக்கு அந்தப் பேரு பிடிக்கலடி. ஒரு நாளும் பிடிச்சதில்ல," என்றாள். இத்தனை வருடமும் இதைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தில் அவன் பிறந்தநாளுக்கே போகக் கூடாது என்று தோன்றியது.

கிட்டாரில் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடிக்குக் கார்டு என்று பெயர். எல்லாக் கார்டுகளும் படம் படமாகப் போட்ட பெரிய தாள் ஒன்றை அக்கா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். செல்போனில் வீடியோ பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பழகினாள். விரல் நுனி சிவந்து, பாத்திரம் தேய்க்கும்போது முகம் சுளிப்பாள். தனித்தனியாக வாசித்தால் ஒவ்வொரு பிடியும் மணி அடித்த மாதிரி கேட்டது. பாட்டு என்று தொடங்கினால்தான் வம்பு. ஒரு பிடியிலிருந்து கையை எடுத்து, குனிந்து பார்த்து, விரல் விரலாகக் கம்பி தேடி அடுத்த பிடியை வைப்பதற்குள் நான் ஒரு காபி போட்டுக் குடித்துவிடலாம். எஃப் என்று ஒரு பிடி இருக்கிறது. அதற்கு ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பிகளையும் அமுக்க வேண்டும். அக்கா அமுக்கினால் 'டப் டப்' என்று அட்டைப் பெட்டியைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. கடைசியில் கிட்டார் மறுபடியும் அலமாரி மேல் ஏறியது. ஏன் என்று கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கு இன்னொரு வேன் வந்தது. அதை ஓட்டப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். வேனை அவளுக்குப் பழக்கிக் கொடுக்கும் வேலை அக்கா தலையில் விழுந்தது. ஒருநாள் கடைத்தெருவரை போக வேண்டியிருந்ததால் நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். அந்தப் பெண் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் குனிந்து கியரைப் பார்த்தாள். வண்டி தயங்கித் தயங்கி நடுரோட்டில் நின்றே விட்டது. பின்னாலிருந்து ஹாரன் காதைப் பிளந்தது.

"கீழ பாக்காதம்மா!" என்றாள் அக்கா. "கியர் எங்க இருக்குன்னு உன் கைக்குத் தெரியும். நீ ரோட்டைப் பாரு."

"தப்பா விழுந்துட்டா என்னக்கா பண்றது?"

"விழுந்தா விழட்டும், மாத்திப் போட்டுக்கலாம். அதுக்காக வண்டியை நிறுத்தாத. மெதுவாப் போ, ஆனா போயிட்டே இரு. எல்லாக் கியரும் இன்னைக்கே வேணாம். ஒண்ணுலேர்ந்து ரெண்டு, ரெண்டுலேர்ந்து ஒண்ணு. அதை மட்டும் போட்டுப் பழகு."

சொல்லிவிட்டு அக்கா தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, கியர் மாத்தறதும் இடது கை, கார்டு மாத்தறதும் இடது கைதானே? இதையெல்லாம் எனக்கு நானே ஏன் சொல்லிக்கல?"

அன்று மாலையே கிட்டார் இறங்கியது. ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாள் குப்பைக்குப் போனது. ஜி, சி, டி என்று மூன்றே பிடிகள், அதிலும் ஒரு நேரத்தில் இரண்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டாள். அந்த மூன்றையும் கொஞ்சம் மாற்றிப் பிடித்தால் மோதிர விரலை வைத்த இடத்திலிருந்து எடுக்கவே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் கண்டுபிடித்தாள். "ஒரு கை எப்பவும் ஸ்டீயரிங்ல இருக்கணும்ல, அந்த மாதிரி," என்று எனக்கு விளக்கம் வேறு. இடது கை தடுமாறினாலும் கம்பியைத் தட்டும் வலது கை மட்டும் நிற்கக் கூடாது என்பது சட்டம். பள்ளி மணி அடிக்கக் காத்திருக்கும் நேரத்தில், வேனிலேயே உட்கார்ந்து முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு வாசிப்பாள். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன்தான் பரிசோதகர். "இன்னைக்கு வண்டி எங்கயும் நிக்கலம்மா," என்று ஒருநாள் அவரே சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

பிறந்தநாளன்று அண்ணன் வீட்டு ஹாலில் சொந்தம் முழுக்கக் கூடியிருந்தது. அக்கா சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் குளியலறையில் வழக்கமாகப் பாடும் பழைய பாட்டையே எடுத்தாள். அவள் கீழே பார்க்கவேயில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி வாசித்தாள்.

பாட்டின் நடுவில் விரல் வழுக்கியது. 'டொக்' என்று ஒரு சத்தம். அண்ணன் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேலி செய்ய வாயைத் திறந்தான். ஆனால் அக்காவின் வலது கை நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. அடுத்த மாற்றத்தில் விரல்கள் சரியான இடத்தில் போய் விழுந்தன. அதற்குள் பாட்டு அண்ணனுக்கு உயிரான சரணத்துக்கு வந்துவிட்டது. திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பாட ஆரம்பித்தான். சுருதிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் கடைசி வரி வரை கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அக்காவும் கடைசித் தட்டு வரை வாசித்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினேன்.

"இன்னொண்ணு வாசி," என்றான் அண்ணன்.

"இன்னொண்ணு தெரியாது. எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

"அப்ப இதையே வாசி."

"யாரைச் சொல்றே? கூப்பிட்டுக் கேளு."

ஹாலில் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் வாயால் அந்தப் பெயரை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்றே நினைவில்லை. அக்காவின் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணோடு கம்பி எப்படித் தெரியும்? பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மோதிர விரலை அதன் இடத்தில் வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.