மேலே பஞ்சு, உள்ளே கம்பளி

நாயின் காதுக்குப் பின்னால் முடிக்குள் இரண்டு விரல்களை நுழைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொள்கிறார் சீப்பக்கா. மேசைமேல் நிற்கும் அந்தச் சுருள்முடிப் பூடில் அசையாமல் காத்திருக்கிறது. அடுத்து அக்குள், தொடையிடுக்கு, வாலடி. விரல் நுனி தோலைத் தொட்டுவிட்டால் முகம் தெளியும். தொடாவிட்டால் கண்ணைத் திறக்காமலே, "யாரு சீவினது?" என்பார். அந்தக் கேள்விக்கு எவரும் நிமிர்ந்து பதில் சொல்லி, இந்த முடிவெட்டும் கடையில் கூடமாட நிற்கும் நான் பார்த்ததில்லை.

மரியாதையெல்லாம் நாய்களுக்குத்தான். "ஐயா, வலது காலைக் கொஞ்சம் குடுங்க." ஐயாவும் கொடுக்கிறார். வளர்ப்பவர்களுக்குத் திட்டு மட்டும். சிங்கம்போல வெட்டச் சொன்ன ஒருவரிடம், "சிங்கம் வேணும்னா காட்டுக்குப் போங்க. இவங்க தண்ணியில குதிச்சு, வேட்டையில சுட்ட வாத்தை எடுத்துட்டு வந்த பரம்பரை. மூட்டுல குளிர் ஏறக் கூடாதுன்னு அங்க மட்டும் முடியை விட்டாங்க. உங்க வீட்டுல வாத்து இருக்கா?" என்று கேட்டார்.

சீப்பக்கா பல வருடங்கள் விடுதி ஒன்றில் சலவை வேலை பார்த்தவர். முடிவெட்ட யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தன் வீட்டுப் பூடிலை வைத்தே கற்றுக்கொண்டார். "முதல் தடவை நான் வெட்டின வெட்டுல அது மூணு நாள் கட்டிலுக்கு அடியிலேர்ந்து வரல. நாங்க சிரிச்சிட்டோம். அதுக்குப் புரிஞ்சிடுச்சு." இன்றும் வெட்டி முடித்த நாயின் முன் யாரும் சிரிக்க அவர் விடுவதில்லை.

முடி கொட்டாது என்பதற்காகவே பலர் பூடில் வாங்குகிறார்கள். சீப்பக்காவுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். "வெளிய கொட்டாதுன்னா அப்ப எங்க போகும்? உதிர்ந்தது உள்ளயே நிக்கும், பக்கத்து முடியைக் கட்டிப் பிடிச்சிக்கும்."

போன வியாழக்கிழமை ஒரு பெண் தன் அப்பாவுடன் வந்தாள். பெண்ணின் விரலில் கட்டு. அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வெள்ளைப் பூடிலை மார்போடு அணைத்திருந்தார். விளம்பரத்தில் வரும் நாய்போல அது மின்னியது.

"ரெண்டாவது தடவை கடிச்சிடுச்சுக்கா. வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. இனி வேண்டவே வேண்டாங்கறார் என் வீட்டுக்காரர். நாளைக்கு ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போறார். கடைசியா ஒரு தடவை அழகா வெட்டி விடுங்க."

"தினமும் நான்தான் சீவறேன். ஞாயித்துக்கிழமை தவறாம குளியல்," என்றார் ஓட்டுநர், யாரும் கேட்காமலே.

சீப்பக்காவின் விரல்கள் காதுக்குப் பின்னால் போய்ப் பாதியிலேயே நின்றன. "யாரு சீவினது?" என்று அன்று அவர் கேட்கவில்லை.

"அண்ணே, ரெண்டு மணி நேரம் ஆகும். நீங்க போய் டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க. நீங்க நின்னா ஐயா உங்களையே பார்த்துட்டிருப்பார்."

அவர் தெருவில் இறங்கியதும் பெண்ணை அருகே அழைத்தார். "எங்க தொட்டப்ப கடிச்சார்?"

"காதைத் தடவினேன்."

"அதுக்கு முந்தி?"

"கழுத்துப்பட்டை மாட்டும்போது, என் வீட்டுக்காரரை."

சீப்பக்கா சட்டென்று அவள் பிடரி முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். "இப்படி ராப்பகலா இழுத்துட்டே இருக்கும்போது ஒருத்தர் வந்து தடவினா?"

"ஐயோ, விடுங்கக்கா! கத்துவேன்."

"கடிக்கறதுக்கு முந்தி ஐயா உறுமினாரா?"

"ம்... உறுமிச்சு."

"அவரும் கத்தித்தான் இருக்கார்."

மேலே பஞ்சு, உள்ளே கம்பளி. முடியின் மேற்புறத்தை மட்டும் சீவி, உள்ளிருக்கும் சிக்கோடு தண்ணீர் ஊற்றினால், ஒவ்வொரு குளியலுக்கும் அது இன்னும் இறுகும். சலவை பார்த்த கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிவெட்டும் மெஷினைத் தோலோடு படுக்கவைத்து ஓட்டினார். தோல் சுடாதிருக்க, அடிக்கடி நிறுத்திப் பிளேடைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் அந்தச் சிக்குக் கம்பளி ஒரே துண்டாக, குழந்தையின் ஸ்வெட்டர் கழன்றதுபோலத் தரையில் விழுந்தது. காதடியில் தோல் சிவந்து கன்றியிருந்தது.

பெண்ணின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துச் சிவப்புக்குச் சற்று மேலே வைத்தார். பெண் மூச்சை அடக்கிக்கொண்டாள். நாய் ஒருமுறை முகர்ந்தது. பிறகு தலையின் முழுப் பாரத்தையும் அந்தக் கையிலேயே சாய்த்துவிட்டது.

அவள் மறு கையால் போனில் கணவனை அழைத்தாள். "நாளைக்கு அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடுங்க... இல்லைங்க, கோபத்துல கடிக்கல. நேர்ல சொல்றேன்."

ஓட்டுநர் திரும்பி வந்தபோது மேசைமேல் ஒல்லியாக, இளஞ்சிவப்பாக வேறொரு நாய் நின்றது. வாலை ஆட்டியபிறகுதான் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"அப்பா, இவன் நம்மகிட்டயே இருக்கட்டும்பா," என்றாள் மகள். "உள்ள சிக்கு விழுந்து தோலை இழுத்திருக்கு. அந்த வலியிலதான் கடிச்சிருக்கான்."

நாயின் முதுகைத் தொடப்போன கையை ஓட்டுநர் நடுவிலேயே நிறுத்தினார். "என்னை ஒரு தடவைகூடக் கடிச்சதில்லையேம்மா. அப்ப, நான் தினமும் சீவறப்பல்லாம் இவன் வலியைப் பொறுத்துக்கிட்டு..."

அவர் பார்வை மெல்லத் தரைக்கு இறங்கியது. அது வந்து சேர்வதற்குள் சீப்பக்கா அந்தக் கம்பளித் துண்டைக் காலாலேயே மேசைக்கடியில் தள்ளிவிட்டு, மறைத்துக்கொண்டு நின்றார்.