தண்ணீரில் மிதந்த மலை

கிள்ளான் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. மங்கையின் அண்ணன் சண்முகம் அனுப்பியிருந்தார்: "தங்கச்சி தூக்கத்துலயே போயிட்டா." ஜன்னலுக்கு வெளியே மழை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மங்கை என்று நாங்கள் அழைத்த முனைவர் மங்கையர்க்கரசி, பெட்டாலிங் ஜெயா ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். வாழ்நாள் முழுக்க அவர் பார்த்ததெல்லாம் கசகசா அளவு நத்தைகளைத்தான். சுண்ணாம்பு மலையை விட்டு அவற்றால் வாழ முடியாது, அடுத்த மலைக்குப் போகவும் முடியாது. அதனால் மலைக்கு மலை வேறு சாயல். சேர்ந்த புதிதில் என்னைப் பத்துமலைக்கு அப்பால் ஒரு சிறு குன்றுக்கு அழைத்துப் போனார். அடிவாரத்து மண்ணை வாளித் தண்ணீரில் கொட்டினார். மண் மூழ்கியது, செத்த நத்தைகளின் வெறும் கூடுகள் மிதந்து வந்தன. தேநீர் வடிகட்டியால் அள்ளினார். குனிந்து பார்த்தபோது பட்டப்பகலில் நட்சத்திரம் பார்த்தது போலிருந்தது.

அந்தக் குன்றில் கூடில்லாத நத்தை ஒன்று உண்டு. கூட்டின் வாய் வழியே நுழைந்து இவற்றைத் தின்னும். அகல வாயுள்ளவை இரையாயின, குறுகிய வாயோடு பிறந்தவை தப்பின. தலைமுறை தலைமுறையாக இதுவே நடந்து, குன்று முழுக்கக் குறுகிய வாய் ஆகிவிட்டது. "பொறக்கறப்ப எல்லாம் ஒரே மாதிரி இருக்காது வசந்தி. தப்பிச்சது புள்ள பெத்துச்சு. அவ்வளவுதான்லா" என்பார் மங்கை.

சும்மா சொன்னால் போதுமா, சாட்சி வேண்டுமே. குன்றின் அடி மண்ணை ஆழத் தோண்டி, அகல வாயுள்ள பழைய கூடுகள் கலந்த மண்ணை ஒரு ஜாடியில் எடுத்து வைத்தார். பிறகு கல்லுக்காக அந்தக் குன்றையே உடைத்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பழைய கூடுகளில் மிஞ்சியது ஜாடி மட்டும்தான். ஆய்வுக்கூடத்துக் கூரை ஒழுகுமென்று அதைப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாமி மேடையில் வைத்திருந்தார். தைப்பூசத்துக்குத் தவறாமல் பால்குடம் எடுக்கிறவர் அவர். பக்தி, ஆராய்ச்சி இரண்டும் அவருக்கு இடித்துக்கொண்டதே இல்லை.

அண்ணனுக்குத்தான் இடித்தது. ஒரு தீபாவளிச் சாப்பாட்டில் மங்கை பரிணாமத்தைப் பற்றிப் பேச, நம்ம அப்பா என்ன குரங்கு பிள்ளையா என்று கேட்டுப் பாதியில் எழுந்துவிட்டார். "குரங்கு நமக்கு தாத்தா இல்லண்ணே, தூரத்துச் சொந்தம். ஒரு தடவ என் லென்ஸ்ல வந்து பாருங்க" என்றார் மங்கை. அண்ணன் வரவேயில்லை. ஒவ்வொரு ஆண்டும் மங்கை கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் அது ஒன்றுதான்.

அஸ்தி கரைக்கக் கிள்ளான் துறைக்குப் போனோம். காலைப் பனியில் அக்கரை தெரியவில்லை. சண்முகம் சாம்பலைக் கரைத்தார். அடுத்து, பையிலிருந்த ஜாடியைத் திறந்து கவிழ்த்தார். சாமி மேடையில் இருந்த சாம்பல் நிறப் பொடி. தங்கை பூசிய திருநீறு என்று நினைத்திருக்கிறார், பாவம். நான் கத்திவிட்டேன்.

"அண்ணே, அது அவங்க மலை."

அவருக்குப் புரிவதற்குள் மண் மூழ்கிவிட்டது. கூடுகள் மூழ்கவில்லை. படியோரத்துத் தேங்கிய நீரில் வெள்ளை வெள்ளையாக மேலே வந்தன, மங்கையின் வாளியில் வந்தது போலவே. சண்முகம் குனிந்து பார்த்தார். பிறகு தோள் துண்டை உருவி, இடுப்பளவு நீரில் இறங்கி, அலை கொண்டு போவதற்குள் அள்ளத் தொடங்கினார். அழுதுகொண்டேதான் அள்ளினார்.

ஈரத் துண்டோடு அவரே ஆய்வுக்கூடம் வந்தார். கூடுகளைக் காயவைத்து மங்கையின் லென்ஸுக்கு அடியில் வைத்தேன். நெற்றித் திருநீறு லென்ஸில் உதிர வெகுநேரம் குனிந்திருந்தார். பக்கத்தில், அந்தக் குன்றில் மங்கை வாளியில் அள்ளிய புதிய கூடு ஒன்றையும் வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பழசுக்கு வாய் பெரிசாத்தான்மா இருக்கு" என்றார்.

போய் வாருங்கள், மங்கை. அண்ணன் வந்து பார்த்துவிட்டார்.