அப்பா வாங்கிய வெள்ளை பல்ப்

போன கிழமை பாமன்கடைச் சந்தியில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் நின்று, கண்ணாடி அலுமாரியில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைக்கு மேலே கடைக்கார முஸ்லிம் நானா ஒவ்வொரு பல்ப்பாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாக் கடையிலும் இப்படித்தான் — பலகையில் ஹோல்டர் அடித்து வைத்திருப்பார்கள். எரிகிறதா என்று பார்த்துத்தான் தருவார்கள். வாங்குகிறவர்கள் பல்ப்பைப் பார்ப்பார்கள். நான் பல்ப்பைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, பல்ப் வாங்க வந்ததா, மொகம் பாக்க வந்ததா?" என்றார் நானா.

"முகத்துக்குத்தான் நானா பல்ப்."

அவர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நேரத்தோட சொல்றல்லயா? அடுத்த கடைல பவுடர் ஈக்குது."

சிரித்துவிட்டேன். அம்மா போன பிறகு வெளியே ஒரு இடத்தில் நின்று சிரித்தது அதுதான் முதல் தடவை.

சரி... பல்ப்புக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்?

எங்கள் அப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அடிக்கடி என்னிடம் பேச்சு வாங்குகிறவர். வெள்ளவத்தையில் எங்களுக்கு மூன்றாம் மாடி வீடு. ஆள் இல்லாத அறையில் லைட் எரிந்தால் — அது பக்கத்து வீட்டு அறையாக இருந்தாலும் — அப்பாவுக்கு நித்திரை வராது. "ஆர் அந்த அறையில? ஒருத்தரும் இல்லையெண்டால் லைட்டை நூத்துப்போட்டு வாங்கோ." நான் வளர்ந்த தாலாட்டே அதுதான்.

எனர்ஜி சேவிங் பல்ப் கடைக்கு வந்த நாள் முதல் வீடு முழுக்க அதைப் போட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. அம்மா விடவில்லை. "குண்டு பல்ப்தான் வீட்டுக்குக் களை. உந்தக் குழாயைக் கொழுவினால் கந்தோர் மாதிரிக் கிடக்கும்" என்பார்.

"கந்தோர்க்காரன்தான் எனக்குச் சம்பளம் தாறான்" என்பார் அப்பா.

எப்போதும் அம்மாதான் வெல்லுவார்.

தை மாதம் அம்மா போய்விட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. சண்டையால் பாதை பூட்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து மாமா ஆட்களால் வர முடியவில்லை; டெலிபோனில் அழுதார்கள். எங்கள் படிக்கட்டில் சவப்பெட்டி திரும்பாது என்று அம்மாவை மலர்ச்சாலையிலேயே பார்வைக்கு வைத்தோம். கொழும்பில் மாடி வீட்டுக்காரருக்கு வேறு என்ன வழி? கடைசியாக ஒரு தடவை வீட்டுக்கு வராமலே அம்மா போனார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு அப்பா ஒரு பை நிறைய பல்ப்போடு வந்தார். எல்லாம் வெள்ளை. கதிரையில் ஏறி அறை அறையாக மாற்றினார். தடுக்க இப்போது ஆள் இல்லையே. அம்மா சமைத்த குசினியில் எரிந்த குண்டு பல்ப்பை மட்டும் தொடவில்லை.

"அது கொம்மான்ர ஏரியா" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். நான் வீட்டில் சாறி பிளவுஸ் தைக்கிறவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடுவது அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. அறுபது வாட்ஸ் எரிந்த இடத்தில் பதினொரு வாட்ஸ். மெஷினுக்கு முன்னால் இருந்தால் நெற்றி வேர்க்கிறதும் இல்லை.

ஆனால் அந்த நாட்களில் இருந்து அப்பா என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

விடிய இருட்டோடு வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். கதைக்காமல் இல்லை. "தேத்தண்ணி இருக்கோ?" "கதவைப் பூட்டினியோ?" எல்லாம் சுவரைப் பார்த்துத்தான். நான் முன்னால் போய் நின்றால் காலண்டரைப் பார்ப்பார். பிறகு பேப்பரையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். தண்ணீர் குடிக்கக்கூடக் குசினிக்குள் கால் வைக்காதவர், தேங்காய் துருவுகிற பலகையில் குந்தி இருந்து பேப்பர் வாசிக்கிறார். சாப்பாடும் அங்கேயே. அம்மாவின் நினைப்பில்தான் அங்கே இருக்கிறார், இருக்கட்டும் என்று நான் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

வெளியே வந்து மெஷினை மிதித்தாலும் மனது குசினியில்தான் நிற்கும். என் மேல் கோபமோ? ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அம்மாவோடு நின்றது நான். நான் எதையோ கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்கிறாரோ? கேட்டிருக்கலாம். கேட்டு, "ஓம்" என்று சொல்லிவிட்டால்?

அதனால் கேட்கவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் குசினிக் குண்டு பல்ப் டப்பென்று போனது. வீட்டில் ஒரு வெள்ளை மிஞ்சிக் கிடந்தது. எடுத்து மாட்டினேன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அப்பா குசினி வாசல் வரை வந்தார். மேலே பார்த்தார். உள்ளே வரவில்லை. பேக்கரிப் பாணையும் கறியையும் எடுத்துக்கொண்டு வெளியே மாடிப்படியில் போய் இருந்துவிட்டார். மேல்வீட்டு ஆட்கள் "கொஞ்சம் விலகுங்கோ அண்ணை" என்று அவரைத் தாண்டிப் போகிறார்கள். அவரும் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கித் தூக்கி வழி விடுகிறார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, என்னோட கோபமோ?"

"உனக்கென்ன விசரே? என்னத்துக்குக் கோபம்?"

"பின்னை ஏன் என்ர முகத்தைப் பாக்கிறியள் இல்லை?"

பாணைப் பிய்த்தார். வாயில் வைக்கவில்லை.

"அந்த லைட்டில பாக்க ஏலாது பிள்ளை" என்றார். "மலர்ச்சாலையில மேல எரிஞ்சதும் உப்பிடி வெள்ளைதான். நீ அப்பிடியே கொம்மான்ர முகம். லைட்டைப் போட்டவுடனை... அவ கிடந்த மாதிரியே கிடக்குது."

கோபம் இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டுக் கேட்டேன்.

"அப்ப ஏன் நீங்கள் அதைக் கழட்டேல்லை?"

அப்பா என்னை விசரியைப் பார்ப்பது போல... இல்லை, படிக்கட்டை அப்படிப் பார்த்தார்.

"நல்லா எரியிற பல்ப்பை எப்பிடிப் பிள்ளை கழட்டுறது?"

இதுதான் எங்கள் அப்பா.

வெள்ளவத்தைச் சாறிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கடை லைட்டை நம்பி ஒரு பெண்ணும் சாறி வாங்கமாட்டாள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, பஸ் புகையையும் பொறுத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். உள்ளே மண்ணிறமாகக் கிடந்தது வெளியே மெரூனாக இருக்கும். நானும் நூலுக்கு நிறம் பொருத்த பல்கனிக்குத்தான் ஓடுவேன். பல்ப் வாங்கும்போது மட்டும் என்ன கேட்கிறோம்? எத்தனை வாட்ஸ்? எத்தனை வருஷம்? பின்னா, ஸ்குரூவா? அந்த வெளிச்சத்தில் வீட்டு மனிதர் எப்படித் தெரிவார்கள் என்று யார் கேட்கிறோம்?

அதனால்தான் பாமன்கடையில் முகம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மஞ்சளும் ஈக்குது தங்கச்சி" என்றார் நானா. "இதும் சேவிங்தான். கரண்டும் அதே கரண்ட்தான். ஒத்தரும் கேக்கிறல்ல. எல்லாருக்கும் வெள்ளதான் வேணும்."

அடித்தட்டில் கிடந்த பெட்டியைத் தூசி தட்டி எடுத்துப் போட்டார். முதலில் மங்கலாக இருந்தது. பிறகு மெல்ல மெல்லப் பழுத்து வந்தது. கண்ணாடிக்குள் பார்த்தேன். அம்மாதான். ஆனால் மலர்ச்சாலைப் பெட்டிக்குள் கிடந்த அம்மா இல்லை. குசினியில் வேர்த்து வடிந்து நின்று, "உப்புப் பாத்துச் சொல்லு" என்று அகப்பையை நீட்டுகிற அம்மா.

"இதையே தாங்கோ நானா."

வரும் வழியில் செக்பொயின்ட். "மொனவாத மே?" இதெல்லாம் என்ன என்று கேட்டான் ஆமிக்காரன். "பல்ப் அய்யே" என்றேன். ஒவ்வொரு பெட்டியையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தான். ஆட்டாதே, பழுதாகிவிடும் என்று சிங்களத்தில் சொல்ல எனக்கு வராது. பிள்ளையாரே என்று நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

நீங்களும் மஞ்சள் வாங்குவதென்றால், பெட்டியில் 'வார்ம்' என்று இங்கிலிஷில் போட்டிருக்கும். வாசிக்க வராவிட்டால் பரவாயில்லை, எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் எழுத்துக்கூட்டித்தான் வரும். போட்டுக் காட்டச் சொல்லி, அதற்குக் கீழே உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். கை உங்கள் கை மாதிரித் தெரிந்தால் வாங்குங்கள். டொய்லெட்டுக்கு இந்தப் பல்ப் வேண்டாம். அடிக்கடி போட்டு நூர்த்தால் கெதியாகப் போய்விடும்.

மற்ற இடமெல்லாம் மஞ்சள் போட்டேன்; மெஷினுக்கு மேலே எரிகிற வெள்ளையை மட்டும் நான் மாற்றவில்லை. அதுவும் நல்ல பல்ப்தானே. கழற்றியதில் ஒன்றை அப்பா தானே கொண்டுபோய், இருட்டாகக் கிடந்த மாடிப்படியில் மாட்டினார். வீணாகவில்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி.

இரவுச் சாப்பாட்டுக்கு ஹோலில் மேசைக்கு வந்தார். எனக்கு முன்னால் இருந்தார். சோற்றில் கையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பார்த்தார். கறி ஆறும் வரை பார்த்தார்.

"நல்லா மெலிஞ்சு போனாய் பிள்ளை. சாப்பிடுறேல்லையோ?"

"நீங்கள் இப்பதானே பாக்கிறியள்."

"ஓம்" என்றார். கண்ணைத் துடைத்தார். குழம்பை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆர் அந்த அறையில? சும்மா லைட் எரியுது."

எழும்பிப் போய் நூர்த்தேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு லைட்டை நான் நூர்த்ததே இல்லை.