தோல் கூடாரம்

ஏலகிரி மலையில் ஒரு கோடையைக் கழித்தோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். துரைமார்களைப் போலக் கூடாரம் அடித்து, மடக்குக் கட்டில் போட்டு, தகரக் குவளையில் டீ குடித்துக்கொண்டு இருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் பதனிடும் தோல்ஷாப் ஒன்றில் தோலைத் தரம் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் துரைமார்களைக் கண்டால் மட்டும் அவருக்குத் தலைகால் புரியாது. மதராஸிலிருந்து தோல் வாங்க வரும் துரை ஒருவர் கோடையில் ஏலகிரிக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார். ஒருமுறை மாதிரித் தோல்களைக் காட்டிவிட்டு வரும்படி முதலாளி இவரை மேலே அனுப்பினார். திரும்பி வந்தவர் தோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டில் மடங்குமாம், நாற்காலி மடங்குமாம், மேசையும் மடங்குமாம். கித்தான் பையில் தண்ணீர் ஊற்றி மரக்கிளையில் தொங்கவிட்டால் சில்லென்று ஆகிவிடுமாம்.

"வீட்டையே மடக்கி வண்டியில ஏத்திட்டான்டி அந்த ஆளு" என்றார்.

"நம்ம வீட்டையும் மடக்கிடுங்களேன், எனக்குப் பெருக்குற வேலை மிச்சம்" என்றேன். அவர் காதில் அது விழவே இல்லை.

எங்கள் வீடு தோல்ஷாப்பின் பின்சுவரை ஒட்டி இருந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோல், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடக்கும் தோல், வெயிலில் காயும் தோல், எல்லாவற்றின் நாற்றமும் என் அடுப்படி வழியாகத்தான் போகும். பள்ளிகொண்டாவிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒரு கவளம் சோறு இறங்கவில்லை. "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, மூக்கு செத்துப்பூடும்" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். சொன்னபடியே ஆயிற்று. பிறகு என் அண்ணன் வந்து மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

எங்களுக்கு ஒரே பெண். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சீழ்க்கை அடிப்பது தெளிவாகக் கேட்கும். ஐந்து வயதில் அது முற்றிப்போய், படுக்கவே முடியாமல் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். வேலூருக்குக் கொண்டுபோய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அந்த அம்மா எங்கள் துணியிலிருந்து வந்த வாசத்தை வைத்தே எங்கிருந்து வருகிறோம் என்று கண்டுபிடித்துவிட்டார். இந்தக் காற்று இவளுக்கு ஆகவே ஆகாது, கோடை முழுக்க மலைமேல் வைத்திருங்கள், நல்ல காற்று பட்டால் நெஞ்சு தேறிவிடும், இங்கேயே வைத்திருந்தால் என் கையில் ஒன்றுமில்லை என்றார்.

வீட்டுக்காரருக்கு அழுகையும் வந்தது, கூடவே கூடாரமும் ஞாபகத்துக்கு வந்தது. சீமைக்குத் திரும்பிப் போகும் யாரோ ஒரு துரையின் சாமான்கள் வேலூர் பஜாரில் ஏலத்துக்கு வந்தன. கட்டில், நாற்காலி, லாந்தர், இரும்பு முளைகள், கயிறு என்று ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது, கூடாரத் துணியைத் தவிர. கித்தானைக் கரையான் அரித்துச் சல்லடை ஆக்கியிருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"கித்தான்னா இன்னாடி? துணிதானே! நம்மகிட்ட இல்லாத தோலா?"

தோலை நம்புவதுபோல் அவர் சாமியைக்கூட நம்பியதில்லை. தோல்ஷாப்பில் கழித்துப் போட்ட ஆட்டுத்தோல்களை முதலாளியிடம் கேட்டு வாங்கினார். எல்லாம் பாதி பதனிட்ட தோல். குதிரைச் சேணம் தைக்கிறவரைக் கூப்பிட்டு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டித் தைக்கவைத்தார். மழை இறங்காமல் இருக்கப் புங்கெண்ணெயை ஊற்றி ஊற்றித் தேய்த்தார். முடித்து நிறுத்தியபோது தெருவே வந்து பார்த்தது. முதலாளி தடவிப் பார்த்து, "துரைக்கே இப்படி ஒண்ணு இல்லப்பா" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்.

ரயிலில் ஜோலார்பேட்டை போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்தோம். குழந்தையை டோலியில் வைத்து மலைக்காரர்கள் தூக்கினார்கள். கூடாரத்தைச் சுமந்தவர் தன் தலைப்பாகையை அவிழ்த்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். வெயிலுக்காகக் கட்டுகிறார் என்று நினைத்தோம்.

ஒரு மலைக்காரக் குடும்பத்தின் குடிசைக்குச் சற்றுத் தள்ளி, பலாமரத்தடியில் கூடாரம் எழும்பியது. வீட்டுக்காரர் கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் உலாத்தினார். தகர அடுப்பில் டீ போடச் சொல்லி, மடக்கு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக் குடித்தார். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நாற்காலியை மட்டும் எப்போதும் கூடார வாசலைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். காது முழுக்க உள்ளேதான் இருக்கும்.

இழுப்பு குறையவில்லை. பனி பட்டுவிட்டதோ, வாடைக்காற்று ஆகவில்லையோ என்று அவளை வெளியிலேயே விடவில்லை. வாசல் தோலையும் இழுத்து முளையில் கட்டி, சந்துகளில் துணியை அடைத்தோம். மலைக்காற்று பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று அவருக்கு நானும் எனக்கு அவரும் சொல்லிக்கொண்டோம். அவளுக்கு உதடு நீலம் பூக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் நான் தூரமானேன். கூடாரத்தில் தனியறைக்கு எங்கே போவது, இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "மலையானா இன்னா, முறை முறைதானே" என்றார். மலைக்காரக் குடும்பத்தின் வைக்கோல் கொட்டகையில் மூன்று நாள் ஒதுங்கி இருந்தேன். வைக்கோல் வாசமும், மாட்டு வாசமும், நனைந்த மண் வாசமுமாக இருந்தது. குழந்தை இருமுவது மட்டும் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலையில் ஓடையில் தலைமுழுகிவிட்டு ஓடிவந்தேன். வாசல் தோலைத் தூக்கினேன். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சுண்ணாம்பும், ஊறிய தோலும், வெயிலில் சுட்டுப்போன எண்ணெயும் சேர்ந்து, நான் புதுப்பெண்ணாக வந்த அன்று ஆம்பூரில் அடித்த அதே நாற்றம், அதைவிடப் பத்து மடங்கு. உள்ளே என் குழந்தை வாயைத் திறந்து அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் பதறிப்போய் உள்ளே நுழைந்து மூக்கை உறிஞ்சினார். தோலில் முகத்தை வைத்து அழுத்தி மறுபடி உறிஞ்சினார்.

"எனக்கு ஒண்ணும் வர்லியேடி" என்றார்.

பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே வரவில்லை. நாங்கள் எதிலிருந்து தப்பித்து வந்தோமோ அதையே தைத்து, எண்ணெய் போட்டு, கூலி கொடுத்து மலைமேல் ஏற்றி, அதற்குள் அவளை வைத்துச் சந்துகளையும் அடைத்திருக்கிறோம் என்பது மெல்ல அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைத் தேற்றவில்லை. தேற்றத் தோன்றவும் இல்லை.

கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டித் தூரத்தில் போட்டோம். மடக்குக் கட்டிலைப் பலாமரத்தடியில் போட்டு அவளைப் படுக்கவைத்தோம். சில நாட்களில் சீழ்க்கைச் சத்தம் தணிந்தது. சாமைச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கூடார முளைகளை மண்ணில் நட்டு வைத்துக்கொண்டு அவற்றுக்குப் பாடம் எடுத்தாள். இருமல் வராமல் அவள் சிரித்து முடித்ததை அங்கேதான் முதல்முறையாகக் கேட்டேன். அந்த நாட்கள் வராமலே இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒருநாள் மத்தியானம் வானம் இருண்டது. கோடைமழை. ஆலங்கட்டியோடு இறங்கிற்று. கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு குடிசைக்கு ஓடினோம். அதற்குள் தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டாள். குடிசைக்குள் ஈர விறகுப் புகை. மலைக்காரம்மா அடுப்பையே அணைத்துவிட்டு, தன் பிள்ளைகளைப் பசியோடு உட்காரவைத்தாள். அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்? மறுநாள் விடிந்தபோது எங்கள் பெண்ணுக்கு நெஞ்சு அனலாகக் கொதித்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது.

மழை விடவில்லை. வழுக்குப் பாறையில் டோலி இறங்காது என்று மலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். தோளில் போட்டுக்கொண்டு நானே இறங்குகிறேன் என்றார் அவர். போர்த்த எங்களிடம் இருந்த துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை இறங்காத பொருள் அந்த மலையில் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கூடாரத்திலிருந்து ஒரு பக்கத்தை அறுத்து அவளைச் சுற்றினோம். அவள் முகத்தை மட்டும் மழை படாமல் நான் என் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன்.

பாதி வழியில் அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அம்மா, நம்ம வூட்டு வாசனை வருது. வந்துட்டமா?"

இத்தனை நாள் வெளிக்காற்றில் படுத்திருந்ததில் அவளுக்கும் மூக்கு பிழைத்திருந்தது. அவர் நின்றுவிட்டார். அடிவாரம் இன்னும் கண்ணிலேயே படவில்லை.

"வந்துட்டோம்டா கண்ணு" என்றேன்.

கன்னத்தை அந்தத் தோலில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில் அவள் நெஞ்சின் சீழ்க்கையும் கேட்கவில்லை.