மைதிலியைச் சாகவிடாத ரோஸ்லின் அக்கா

"இந்த ஞாயிற்றுக்கிழமை யூடி உண்டுதானே அக்கா?" என்று நான் அனுப்பிய செய்திக்குப் புதன்கிழமை காலையில் பதில் வந்தது. அம்பத்தூரில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். "அம்மா திங்கக்கிழமை தவறிட்டாங்க. இன்னிக்குச் சாயந்திரம் ஆவடி மாதா கோயில்ல பூசை. நீங்க யாரு? யூடின்னா என்ன?" என்று அவருடைய எண்ணிலிருந்து அவருடைய மகள் கேட்டிருந்தாள்.

யூடி என்றால் தொடர்கதையின் அடுத்த பகுதி என்று, சீரியல் பாத்திரங்களை வைத்துக் கதை எழுதும் நம் இணையக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னால், உன் அம்மா கதை எழுதுவார் என்று சொல்ல வேண்டும். யாருக்கு, எங்கே, எத்தனை வருடமாக என்றெல்லாம் சொல்ல வேண்டும். "அம்மாவின் தோழி, வருகிறேன்" என்று மட்டும் எழுதினேன். நான் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போய்விட்டது.

நீங்கள் 'ஆம்பல்' என்ற பெயரில் படித்தவர்தான் ரோஸ்லின். மகளிடம் கேட்டுக்கொண்டுதான் பெயரை இங்கே எழுதுகிறேன். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வீடு ஆவடியில். திருமழிசையில் பிளாஸ்டிக் கேன் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. நீங்கள் படித்த எல்லாப் பகுதிகளும் கம்பெனி வேனின் கடைசி இருக்கையில், குலுங்கிக்கொண்டே, கைப்பேசியில் தட்டியவை. திங்கட்கிழமை காலை அதே வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

'கல்யாண் நகர் மூன்றாம் தெரு' என்ற டிவி தொடரைப் பார்த்தவர்கள் மைதிலியை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வீட்டின் இரண்டாவது மருமகள். அதிகம் பேசாதவள், ஆனால் பேசும்போது எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நடிகை தொடரைவிட்டு விலகியதும் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் மைதிலியைக் கொன்றுவிட்டார்கள். லாரி மோதிய பேருந்தில் அவள் இருந்தாளாம். மறுநாள் சுவரில் மாலை போட்ட படம். அடுத்த வாரமே அவள் கணவனுக்குப் பெண் பார்த்தார்கள். நம் குழுவில் அன்று எல்லாரும் கொதித்தோம், திட்டினோம், பிறகு ஓய்ந்துபோனோம். ஆம்பல் என்ற புதுப் பெயர் மட்டும் ஒரு கதையை ஆரம்பித்தது. 'மைதிலி இறங்கிய நிறுத்தம்.' விபத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே மைதிலி இறங்கிவிட்டாள் என்பது அதன் முதல் வரி.

அவள் இறங்கியது திருநின்றவூரில். ஏரிப் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, காலை ரயிலில் வேலைக்குப் போய்வர ஆரம்பித்தாள். டொரான்டோவிலும் சிங்கப்பூரிலும் இருந்த வாசகர்கள், பெண்கள் பெட்டியில் பூ கட்டிக்கொண்டே வருகிறவர்களைப் பற்றியும், மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். நான் அப்போது அதே தொடரின் கதாநாயகன் கதாநாயகி ஜோடியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். 'தென்றல்மகள்' என்பது என் பெயர். ஒரு பகுதிக்குக் கீழே, "இந்த ரயிலில் நானும் போயிருக்கிறேன்" என்று எழுதினேன். "அப்போ ஆவடியில இறங்குங்க, டீ சாப்டலாம்" என்று பதில் போட்டார்.

ஆவடி ஸ்டேஷனில் வெளிர்நீல நிறப் புடவையில் ஒரு பெண்மணி என்னைக் கண்டதும் எழுந்தார்.

"நீதான் தென்றல்மகளா? பேரப் பாத்துட்டு ஒல்லியா ஒரு பொண்ணு வரும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சிரித்தபடியே எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அவர் எழுத்தில் ஒரு கொச்சைச் சொல் இருக்காது. பேச்சில் ஆவடி முழுக்க இருக்கும். "எழுதசொல்லோ வேற ஆளா ஆயிட்றேன் சுபா. அது யாருன்னு எனக்கே தெர்ல" என்பார்.

அவரிடம் எல்லாரும் கேட்ட கேள்வியை நானும் கேட்டேன். இவ்வளவு நன்றாக எழுதுகிறவர், அடுத்தவர் உருவாக்கிய பாத்திரத்தை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், சொந்தமாக ஒரு நாவல் எழுதலாமே என்று. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவங்க வேணாம்னு தூக்கிப் போட்ட பொண்ணு அது. நானும் வேற கத எழுதப் போய்ட்டா, அத்த யாரு பாத்துக்கறது?" அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

குழுவில் ஒருமுறை எல்லாரும் குரலில் பேசலாம் என்று ஏற்பாடு செய்தோம். பலருக்கு ஆம்பலின் குரலைக் கேட்க ஆசை. அவரும் உற்சாகமாகத்தான் வந்தார். "எல்லாரும் சௌக்கியமா கீறீங்களா?" என்றார். யாரோ ஒருவர் மைக்கை மூடாமலே சிரித்துவிட்டார். இன்னொருவர், "இது நிஜமாவே ஆம்பலா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். ரோஸ்லின் அக்காவும் சிரித்தார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நடந்த எந்தக் கூட்டத்திலும் அவர் பேசவில்லை. எழுத மட்டும் செய்தார். இன்று அந்தக் குரலைக் கேட்க முடியாதா என்று உங்களில் பலர் எனக்கு எழுதுகிறீர்கள். அது ஒரே ஒரு நாள்தான் நமக்குக் கிடைத்தது.

நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒரு வாசகியைப் பற்றியது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எப்போதாவது ஒரு இதயக் குறி மட்டும் போடுகிற அமைதியான வாசகி. ஒருநாள் திடீரென்று கமெண்டில் கேட்டிருந்தார்: "மைதிலி வீட்டை விட்டு வரும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டு வந்தாள்? குழந்தை இருந்திருந்தால் எப்படி வந்திருப்பாள்?"

நான் அதைப் படித்துவிட்டுக் கடந்துபோயிருந்தேன். எல்லாரையும் போலக் கதையைப் பற்றிய சந்தேகம் என்று நினைத்தேன். ரோஸ்லின் அக்கா அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார்.

"இது கதையப் பத்திக் கேக்கல சுபா. இந்தப் பொண்ணு கெளம்பப் பாக்குது."

"தனியா மெசேஜ் பண்ணிக் கேளுங்களேன் அக்கா."

"ஃபோன யாரு பாக்கறாங்களோ, யாருக்குத் தெரியும்? கதையிலயே சொல்லிட்றேன்."

அடுத்த பகுதியில் பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்திக்கு மைதிலி வழி சொன்னாள். படித்த சர்ட்டிஃபிகேட்டையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் டவலில் சுற்றித் துணிக்கு நடுவே வைக்க வேண்டும். நகைக்காகத் திரும்பிப் போகக் கூடாது. குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துப்போவதுபோலப் பகலில் கிளம்ப வேண்டும். கூட்டமான பேருந்து நிலையத்தில் வந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் அதை ஒரு நல்ல பகுதி என்று பாராட்டினார்கள். அந்த வாசகி ஒரு இதயக் குறி போட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு நண்பகலில், குழுப் பட்டியலில் இருந்த அக்காவின் எண்ணுக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர் கம்பெனியில் அனுமதி கேட்டுக்கொண்டு பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் போனார். அம்பத்தூரிலிருந்து நானும் போய்ச் சேர்ந்தேன். தோளில் தூங்கும் குழந்தையோடு, தடுப்பூசி அட்டையைக் கையில் பிடித்தபடி, ஒரு பெண் தூணோரம் நின்றிருந்தார். அக்கா நேராகப் போய், "சாப்ட்டியா?" என்றார். அவர் யாரென்றுகூட அந்தப் பெண் கேட்கவில்லை. அழ ஆரம்பித்தார். இரண்டு இட்லி சாப்பிட வைத்து, அவருடைய அண்ணனுக்குப் பேசி, காஞ்சிபுரம் பேருந்தில் ஏற்றி, அக்காவும் கூடவே போய் ஒப்படைத்துவிட்டு வந்தார். அந்தப் பெண் இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். குழந்தை பள்ளிக்குப் போகிறது.

பிறகு நடந்தது உங்களில் சிலருக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பெண்ணின் கணவர் எப்படியோ கதையைக் கண்டுபிடித்து, குடும்பத்தைப் பிரித்த எழுத்து என்று நம் நிர்வாகிகளுக்கு மிரட்டல் அனுப்பினார். நிர்வாகிகளும் நம்மைப் போலக் குடும்பத்தோடு இருப்பவர்கள், பயந்தார்கள். 'மைதிலி இறங்கிய நிறுத்தம்' முழுவதும் ஒரே நாளில் நீக்கப்பட்டது. ஏன் என்று அக்கா குழுவில் விளக்கியிருக்கலாம். விளக்கினால் அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. எழுதத் தெரியாமல் பாதியில் ஓடிவிட்டார் என்று சிலர் கேலி செய்ததையும் படித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"இன்னொரு வாட்டி கொன்னுட்டாங்க பாரு அத்த" என்று மட்டும் என்னிடம் ஒருமுறை சொன்னார்.

நீண்ட நாள் எழுதவில்லை. போன மாதம்தான், "முடிவு மட்டும் பாக்கி நிக்குது. எழுதிட்றேன். மனசுல ஓடிக்கினே கீது" என்றார். என்ன முடிவு என்று கேட்டேன். "சொல்லிட்டா எழுத வராது" என்றார். எனக்கு மட்டும் அனுப்புவதாகவும், நான் படித்துச் சரியென்றால் குழுவில் போடுவதாகவும் பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

பூசைக்குப் போனேன். கோயிலில் பங்குத்தந்தை அவரை நல்ல மனைவி, நல்ல தாய், நல்ல உழைப்பாளி என்றார். மூன்றும் உண்மை. கம்பெனிக்காரர்கள் பெரிய மாலை கொண்டுவந்திருந்தார்கள். அவர் எழுதியதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கணவரிடம் ஏன் சொல்லவில்லை என்று முன்பு கேட்டபோது அக்கா சொன்னார்: "சீரியல் பாக்கறதே அவருக்கு வேடிக்க. அதுக்கு மேல கத வேற எழுதறேன்னா ஊட்ல சிரிப்பாங்க." அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை, சிரிப்பார் என்று அக்காவே முடிவு செய்துகொண்டார்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனேன். மகள் ஜெனி, "யூடி பத்தி சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். சொன்னேன். என் கைப்பேசியில் நான் சேமித்து வைத்திருந்த சில பகுதிகளைக் காட்டினேன். கணவர் அந்தோணி அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கண்ணாடி எங்கே என்று தேடிக் கிடைக்காமல், "படி கண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மைதிலி திருநின்றவூரில் இறங்குவதை ஜெனி வாசித்தாள். நடுவில் அவள் குரல் உடைந்தபோது நான் வாங்கி வாசித்தேன்.

"ரோசு எழுதுச்சா இத்த?"

"ஆமாண்ணே."

கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"நானும்தாம்மா பாத்தேன் அந்த சீரியல. வெளிய சொல்லிக்கறதில்ல. அந்தப் பொண்ணு செத்துச்சின்னு போட்டானே, அன்னிக்கு எனக்கும் சோறு எறங்கல. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தோம். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

பிறகு, "அப்பால? அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"முடிவு எழுதல அண்ணே."

தலையை ஆட்டினார். "இருக்கறதப் படி" என்றார்.

முடிவை நான் எழுதித் தர வேண்டும் என்று நம் குழுவில் சிலர் கேட்கிறீர்கள். என்னால் முடியாது. அவர் மனதில் ஓடியது என்னவென்று எனக்குத் தெரியாது. என் யூகத்தை அவர் பெயருக்குக் கீழே வைக்கவும் விருப்பமில்லை. உங்கள் யாரிடமாவது நீக்கப்பட்ட பகுதிகள் இருந்தால் அனுப்புங்கள். ஞாயிறு மாலைகளில் ஆவடிக்குப் போய் அண்ணனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். கைவசம் இருப்பது தீரப்போகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். என் கதைக்குக் கீழே யார் என்ன கேட்டாலும் இப்போது இரண்டு தடவை படிக்கிறேன், கேட்பவர் எந்த வீட்டில், எந்த நிலைமையில் இருந்து கேட்கிறார் என்று யோசிக்கிறேன். இந்த அஞ்சலியை எழுதி முடித்ததும் இதுவரை செய்யாத ஒன்றையும் செய்தேன். என் கணவரை உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் இங்கே பதிவிடுகிறேன், என் சொந்தப் பெயரில்.

சுபாஷிணி,
அம்பத்தூர்.