கொடியில் கண்ட கவுன்கள்

புதிய நகரத்தில் வீடு தேடியபோது அம்மா நம்பியது மொட்டை மாடித் துணிக்கொடிகளைத்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்வார். மாற்றலாகி வந்த அப்பா பஸ் வசதியையும் தண்ணீர் வரும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டிருக்க, அம்மா கழுத்து வலிக்க அண்ணாந்தபடியே தெருத்தெருவாக நடந்தார்.

"வீடு பாக்க வந்தியா, ஊரார் துணியைப் பாக்க வந்தியா?"

"இங்க பூரா பேண்ட்டும் சட்டையுமா தொங்குது. தனி ஆம்பளைங்க தெரு. இவ யார்கூட விளையாடுவா?"

'இவ' என்றது என்னை. பழைய ஊரில் பக்கத்து வீட்டுத் தோழியை விட்டு வந்ததிலிருந்து நான் வாயைத் திறப்பதே அபூர்வமாகியிருந்தது. அம்மாவுக்கு அந்தக் கவலைதான் பெரிது.

ஒரு தெருவில் சட்டென்று நின்றார். எதிரே மாடியில் வரிசையாகக் கவுன்கள், என் அளவிலேயே.

"துவைச்சுத் துவைச்சு வெளுத்திருக்கு பாருங்க. நல்லா ஆடி ஓடுற பிள்ளைங்க!"

அதற்கு எதிர்வீட்டு மாடிப் போர்ஷனை அன்றே பேசி முடித்தார்கள்.

குடிவந்த பிறகு பார்த்தால், தெருவில் குழந்தைச் சத்தமே இல்லை. கொடியில் மட்டும் தினம் வேறு வேறு கவுன்கள். பொறுக்கமாட்டாமல் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேறினார். தையல் மெஷினிலிருந்து ஒரு நடுவயதுக்காரர் நிமிர்ந்தார்.

"பிள்ளைங்க எங்கண்ணே?"

"பிள்ளைங்களா? எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா!"

எல்லாம் பக்கத்துத் தெருக்களிலிருந்து கிழிசல் தைக்க வந்த துணிகளாம். அழுக்குத் துணியில் ஊசி வைக்கமாட்டாராம்; அலசிக் காயப்போட்ட பிறகுதான் தொடுவாராம்.

சாயங்காலம் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பெரிய துணி ஜோசியக்காரி!"

அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் தையற்காரரிடமே போய் நின்றார்.

"தைச்சதை வாங்க வரும்போது பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்கண்ணே. போட்டுப் பாத்து வாங்கினா உங்களுக்கும் மறுவேலை மிச்சம்."

அவர் நூலைப் பல்லால் கடித்தபடி யோசித்தார். "நியாயந்தான்."

சனிக்கிழமை போனோம். சோப்பும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்தப் படிக்கட்டு வாசனை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. படியில் என் வயதுச் சிறுமிகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்பல் விழுந்த ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் கவுன் எங்க கிழிஞ்சிருக்கு?"

கிழியவே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அம்மாவின் கையை இறுக்கினேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று இறங்கிப் போனார். அன்றைக்குப் பால்காரர் வரவே இல்லை.